கதவில் 35, டயரில் 65

பாடம் 11: கட்டுரை

படிக்கும் முன் யோசியுங்கள்

• உங்கள் வீட்டு வண்டியின் டயருக்குக் கடைசியாகக் காற்று அடித்தது யார்? எப்போது?
• சைக்கிள் டயரில் காற்று குறைந்தால் ஓட்டுவதற்கு எப்படி இருக்கும்?



நான் வசிப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில். இங்கே பிக்அப் டிரக் நிற்காத தெருவே கிடையாது. முன்னால் உட்கார இடம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. சில பிக்அப்களின் டயர் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை நாங்கள் பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். முன்பு வைத்திருந்தவர், வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர்களை மாட்டியிருந்தார். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா வந்தால் எல்லாரும் எங்களைத்தான் தேடுவார்கள். மேடைத் திரை, ஸ்பீக்கர், மடக்கு மேசை, நாற்காலி எல்லாம் எங்கள் வண்டியில்தான் வரும்.

நானும் உங்களைப் போல வெளிநாட்டில் பள்ளிக்குப் போய், சனிக்கிழமைகளில் தமிழ் படித்தவள்தான். இப்போது மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். நாள் முழுக்க எண்களோடுதான் வேலை. அப்படியிருந்தும் ஒரு நாள் ஓர் எண்ணைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அந்தக் கதையோடு ஆரம்பிக்கலாமா?

1. மழை நாளில் நடந்தது

வண்டி வாங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து டயரின் பக்கத்தைப் பார்த்தேன். அங்கே 65 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருந்தது. ‘அட, டயரே சொல்லிடுச்சே!’ என்று சந்தோஷப்பட்டேன். நான்கு டயருக்கும் 65 வரை காற்று அடித்தேன்.

மறுநாள் மாலை நல்ல மழை. மகனை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் மெதுவாகத்தான் போனேன். பிரேக்கை மிதித்தேன். உடனே வண்டியின் பின்பக்கம் வழுக்கி வெளியே போனது. ஒரு நொடிதான். பிறகு வண்டி நேராகிவிட்டது. நல்ல வேளை, பக்கத்தில் வேறு வண்டி இல்லை.

“அம்மா, என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல கண்ணா. வழுக்கிடுச்சு.”

ஒன்றும் இல்லை என்று சொன்னேனே தவிர, என் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் நான் டயர்களைச் சுற்றிப் பார்த்தேன். மகன் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கதவுச் சட்டத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது.

“அம்மா, இங்க 35-ன்னு போட்டிருக்கு. டயர்ல 65-ன்னு போட்டிருக்கு. எது கரெக்ட்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். நாங்கள் கண்டுபிடித்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

2. வண்டியைத் தாங்குவது யார்?

முதலில் ஒரு கேள்வி. எங்கள் பிக்அப் ஏறத்தாழ 6000 பவுண்ட் எடை. அந்த எடையைத் தாங்குவது எது? ரப்பரா?

பெரும்பாலும் காற்றுதான். காற்று இல்லாத டயர் என்ன ஆகும்? தரையோடு சப்பையாகிவிடும். உள்ளே அடைத்து வைத்த காற்று எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத்தான் அழுத்தம் என்கிறோம். ரப்பரும் அதற்குள் இருக்கும் நூலும் கம்பியும் காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன.

இந்த யோசனை முதலில் 1845-ல் வந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் தாம்சன் என்பவர் காற்று அடைத்த சக்கரத்துக்கு அந்த ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பரவவில்லை. பிறகு 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சின்ன மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அதன் சக்கரம் கெட்டியான ரப்பர். கல் பதித்த தெருவில் ஓட்டினால் உடம்பே அதிரும். மகனுக்காக அப்பா ரப்பர் குழாயில் காற்று அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். வண்டி மெத்தென்று ஓடியது. இன்றைக்கு நாம் ஓட்டும் காற்று டயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

டயரின் அழுத்தத்தை அமெரிக்காவில் பி.எஸ்.ஐ. என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர அங்குல இடத்தின் மேல் காற்று எத்தனை பவுண்ட் விசையோடு தள்ளுகிறது என்பதுதான் அதன் பொருள். கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் கிலோபாஸ்கல் என்ற அலகையும் பார்ப்பீர்கள். 35 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 240 கிலோபாஸ்கல்.

3. ஒரு தாளை எடுங்கள்

இப்போது ஒரு சின்ன விளையாட்டு. பிரிண்டரில் போடும் ஒரு தாளை எடுங்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 94 சதுர அங்குலம்.

எங்கள் வண்டியின் 6000 பவுண்டை நான்கு டயருக்கும் சமமாகப் பிரித்தால், ஒரு டயருக்கு 1500 பவுண்ட். டயருக்குள் 16 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர அங்குலம் 16 பவுண்டைத் தாங்கும். அப்படியானால் 1500 பவுண்டைத் தாங்க எத்தனை சதுர அங்குலம் வேண்டும்?

1500 ÷ 16 = 94 (ஏறத்தாழ)

அதாவது டயர் தரையைத் தொடும் இடம், உங்கள் கையில் இருக்கும் தாள் அளவுக்கு இருக்கும்.

இப்போது தாளைப் பாதியாக மடியுங்கள். அது 32 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் அளவு. இன்னொரு முறை மடியுங்கள். இந்தக் கால் தாள் 64 பி.எஸ்.ஐ.-க்கு உரியது.

அந்தக் கால் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மழை நாளில் நான் 65 அடித்துக்கொண்டு போனேன் இல்லையா? அவ்வளவு பெரிய டயர், அந்தச் சின்ன இடத்தில்தான் சாலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலும் பின்பெட்டி காலி. எஞ்சின் முன்னால் இருப்பதால், காலி பிக்அப்பில் பின் டயர்களின் மேல் எடை குறைவு. எடை குறைந்தால் தரையைத் தொடும் இடமும் குறையும். பின்பக்கம் வழுக்கியதில் ஆச்சரியம் இல்லை.

இது ஏறத்தாழக் கணக்குதான். உண்மையில் டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும். ஆனாலும் நடப்பது என்ன என்பதை இந்தத் தாள் நன்றாகவே காட்டிவிடும்.

4. காற்று குறைந்தால் என்ன?

“அப்போ காத்த குறைச்சா நல்லா பிடிச்சுக்குமே! 16 போட்டுடலாமா?” என்று மகன் கேட்டான்.

நல்ல கேள்வி. ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து, நிமிர்த்தி, ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை வேகமாக வளைத்துப் பாருங்கள். உடனே அந்த இடத்தை உதட்டில் லேசாக வைத்துப் பாருங்கள். சூடு தெரியும். இன்னும் வளைத்தால் கம்பி உடைந்துவிடும்.

காற்று குறைந்த டயரிலும் இதுதான் நடக்கிறது. டயரின் பக்கச்சுவர் தரைக்கு வரும்போது வளைகிறது, மேலே போகும்போது நிமிர்கிறது. எங்கள் டயரின் உயரம் 35 அங்குலம். அது ஒரு மைல் தூரத்துக்கு சுமார் 580 தடவை சுற்றும். மணிக்கு 60 மைல் வேகத்தில் போனால், ஒரு நிமிடத்தில் 580 தடவை பக்கச்சுவர் வளைந்து நிமிரும். காற்று குறையக் குறைய வளைவு அதிகம். வளைவு அதிகமானால் சூடும் அதிகம். சூடு ஏறிக்கொண்டே போனால் டயரின் அடுக்குகள் பிரியலாம். ஓடும்போதே டயர் வெடிக்கலாம்.

காற்று அதிகமானால் வழுக்கும், குலுங்கும், டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். காற்று குறைந்தால் சூடாகும், இரண்டு ஓரமும் தேயும், பெட்ரோலும் அதிகம் செலவாகும். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

5. ஒவ்வோர் எண்ணும் ஒரு கேள்விக்குப் பதில்

எங்களிடம் இரண்டு எண்கள் இருந்தன. இரண்டுமே தப்பு இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில்.

கதவில் இருக்கும் 35: “இந்த வண்டியோடு வந்த டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?” என்ற கேள்விக்கு இது பதில். அந்த ஸ்டிக்கரில் டயரின் அளவும் இருக்கும். எங்கள் வண்டியில் 275/65R18 என்று இருந்தது. 275 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 65 சதவீதம். 18 என்பது நடுவில் இருக்கும் ரிம்மின் அளவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 32 அங்குலம். உங்கள் வண்டியில் அதே அளவு, அதே வகை டயர் இருந்தால் கதவில் உள்ள எண்ணே சரி. வேறு எதையும் தேட வேண்டாம்.

ஆனால் எங்கள் வண்டியில் இருந்தது 35x12.50R20. உயரம் 35 அங்குலம், அகலம் பன்னிரண்டரை அங்குலம், ரிம் 20 அங்குலம். இது பழைய டயரை விடப் பெரியது. அதோடு, கனமான சுமைக்காகச் செய்த வேறு வகை டயர். இந்த வகை டயருக்குள் அடுக்குகள் தடிமனாக இருக்கும். அதே எடையைத் தாங்க இதற்கு வேறு அழுத்தம் தேவை. கதவு ஸ்டிக்கருக்கு இந்த டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

டயரில் இருக்கும் 65: “இந்த டயரால் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்க முடியும்? அதற்கு எவ்வளவு காற்று வேண்டும்?” என்பதற்கு இது பதில். எங்கள் டயரில் 3195 பவுண்ட், 65 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருந்தது. ஒரே டயர் 3195 பவுண்டைத் தாங்கும்! எங்கள் வண்டியில் ஒரு டயருக்கு 1500 பவுண்ட்தான். பாதி எடைக்கு முழுக் காற்று எதற்கு? நான் செய்த தப்பு அதுதான். டயருக்கு எந்த வண்டியில் போகிறோம் என்று தெரியாது. அது தன்னுடைய எல்லையை மட்டும் சொல்கிறது.

6. மூன்றாவது எண்ணைத் தேடி

பெரிய டயருக்குச் சரியான எண் வேண்டும் என்றால் அட்டவணையைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அளவு டயருக்கும், எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு எடை தாங்கும் என்று அட்டவணைகள் இருக்கின்றன. டயர் செய்யும் கம்பெனிகளும் நல்ல டயர் கடைகளும் அதை வைத்திருக்கும்.

நாங்கள் ஒரு டயர் கடைக்குப் போனோம். அங்கிருந்தவர் முதலில் கதவு ஸ்டிக்கரைப் பார்த்தார். “பழைய டயர் 35-ல் எவ்வளவு எடை தாங்கும்? புது டயர் அதே எடையைத் தாங்க எவ்வளவு காற்று வேண்டும்? அதுதான் உங்கள் எண்” என்று விளக்கினார். பிறகு அட்டவணையில் விரலை ஓட்டி, “45. அதுக்குக் கீழே இறங்காதீங்க” என்ற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டு வந்தான். டயர் தரையில் எப்படிப் படிகிறது என்பதைச் சாக்பீஸ் வைத்தே பார்க்கலாம். இப்படித்தான் செய்தோம்:

• வண்டிகள் இல்லாத, ஈரம் இல்லாத, சமமான இடத்துக்குப் போனோம்.
• டயர் தரையைத் தொடும் பகுதியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போட்டோம்.
• மகன் நடைபாதையில் போய் நின்றான். நான் வண்டியை நேராக, மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.
• இறங்கிக் கோட்டைப் பார்த்தோம்.

கோடு நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. முழுக்கச் சமமாக அழிந்திருந்தால் டயர் தட்டையாகப் படிகிறது என்று அர்த்தம்.

65-ல் நடுவில் ஒரு பட்டைதான் அழிந்திருந்தது. ஓரங்களில் சாக்பீஸ் அப்படியே பளிச்சென்று இருந்தது. கொஞ்சம் காற்றை இறக்கினோம். 55-ல் பட்டை அகலமானது. 45-ல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். 40-ல் கோடு முழுவதும் அழிந்துவிட்டது.

“40 தான் கரெக்ட்!” என்று மகன் குதித்தான்.

இப்போது சொல்லுங்கள். அட்டவணை 45 என்றது. சாக்பீஸ் 40 என்றது. நீங்களாக இருந்தால் எதை வைப்பீர்கள்? மேலே படிக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நாங்கள் 45 வைத்தோம். மகனுக்கு அது பிடிக்கவில்லை.

“சாக்பீஸ் பொய் சொல்லாதே அம்மா. நாமதான கண்ணால பாத்தோம்?”

“பொய் சொல்லல. ஆனா இன்னிக்கு வண்டி எப்படி இருக்கு?”

“காலியா இருக்கு.”

“ஆண்டு விழா அன்னிக்கு?”

அவன் யோசித்தான். ஸ்பீக்கர், மேசை, நாற்காலி, பின் இருக்கையில் நான்கு பேர்.

“ஓ... அன்னிக்கு 40 பத்தாது.”

சாக்பீஸ் சொன்னது இன்றைய காலி வண்டிக்கு. கதவு ஸ்டிக்கரில் இன்னொரு வரி இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்த எடை வரைக்கும் தாங்குவதற்கான எண்தான் அட்டவணை தந்த 45. காலியாக இருக்கும்போது வண்டி கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். ஆனால் பாரம் ஏற்றிய வண்டியில் காற்று குறைவாக இருந்தால், நெடுஞ்சாலையில் டயர் சூடாகும். குலுங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அட்டவணை சொல்லும் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது.

7. எண் மாறிக்கொண்டே இருக்கும்

45 வைத்தோம். வேலை முடிந்ததா? இல்லை.

குளிர்: ஹூஸ்டனில் குளிர்காலத்தில் ஒரே நாளில் 80 டிகிரியிலிருந்து 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கிவிடும். காற்று குளிர்ந்தால் அதன் அழுத்தம் குறையும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. என்பது ஒரு பொதுவான கணக்கு. 40 டிகிரி இறங்கினால் 4 பி.எஸ்.ஐ. போய்விடும். டயரில் ஓட்டை எதுவும் இருக்காது. டொராண்டோவில் இருக்கும் மாணவர்களுக்கு இது இன்னும் அதிகமாகவே தெரியும்.

சூடு: வண்டி ஓடினால் டயர் சூடாகி அழுத்தம் ஏறும். அப்போது அளந்தால் 45-க்குப் பதிலாக 50 காட்டலாம். ‘ஐயோ, அதிகமா இருக்கே’ என்று காற்றைத் திறந்துவிடக் கூடாது. ஆறியதும் தேவைக்குக் கீழே போய்விடும். அதனால்தான் டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் அளப்பதே நல்லது. ஓட்டியிருந்தால் மூன்று மணி நேரமாவது விட்டு அளக்க வேண்டும்.

மணல்: டெக்சாஸ் கடற்கரையில் பாட்ரே தீவு தேசியக் கடற்கரை இருக்கிறது. அங்கே மணலிலேயே வண்டி ஓட்டலாம். முதல் ஐந்து மைலுக்குப் பிறகு, நான்கு சக்கரத்தையும் எஞ்சின் இழுக்கும் வண்டி மட்டுமே போக முடியும். மணல் அவ்வளவு பொலபொலப்பு. அங்கே போகிறவர்கள் டயர்க் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். தாள் விளையாட்டு நினைவிருக்கிறதா? காற்று குறைந்தால் தரையைத் தொடும் இடம் பெரிதாகும். எடை பரவும். வண்டி மணலில் புதையாது.

நாங்களும் போனோம். 18 வரை இறக்கினோம். வண்டி மணல்மேல் அழகாகப் போனது. மாலையில் திரும்பும்போது எல்லாருக்கும் பசி, களைப்பு. மணலைத் தாண்டித் தார்ச் சாலை தெரிந்ததும், ‘ஊருக்குப் போய்க் காத்து அடிச்சுக்கலாம்’ என்று எனக்குத் தோன்றியது.

பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது. “அம்மா, பேப்பர் கிளிப்!”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். 18 பி.எஸ்.ஐ. காற்றோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போயிருந்தால் பக்கச்சுவர் எவ்வளவு வளைந்திருக்கும்! சின்ன கம்ப்ரஸரை வைத்து நான்கு டயருக்கும் காற்று ஏற்றினோம். பெரிய டயர் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நிறைய நேரம் ஆனது. கொசுவும் கடித்தது. இருந்தாலும் 45 வந்த பிறகுதான் கிளம்பினோம்.

8. விளக்கு எரிந்தால் போதாதா?

‘டயரில் காற்று குறைந்தால் வண்டியே விளக்கு போட்டுச் சொல்லுமே?’ என்று நீங்கள் கேட்கலாம். சொல்லும்தான். அந்த விளக்குக்குப் பின்னால் ஒரு சோகமான கதை இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் ஒரு வகை டயர் ஓடும்போதே பிரிந்து, பல வண்டிகள் கவிழ்ந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்த டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதே ஆண்டு ஒரு புதிய சட்டம் வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் பிக்அப்களிலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு இருக்க வேண்டும் என்று ஆனது.

ஆனால் அந்த விளக்கு எந்த எண்ணை வைத்துக் கணக்கு போடுகிறது? கதவில் இருக்கும் 35-ஐ வைத்து. அதிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. 35-ல் 25 சதவீதம் போனால் மிச்சம் சுமார் 26.

எங்கள் டயருக்குத் தேவை 45. அது 40 ஆனாலும், 35 ஆனாலும், 30 ஆனாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். விளக்கு எரியவில்லை என்பதால் எல்லாம் சரி என்று அர்த்தம் இல்லை. டயரை மாற்றினோம், ஆனால் அந்த விஷயம் வண்டிக்குத் தெரியாது.

அதனால் மாதம் ஒரு முறை நாங்களே அளக்கிறோம். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பிக்கு முன்னால். அது என் மகனின் வேலை. வால்வு மூடியைக் கழற்றி, அழுத்தமானியை அழுத்தி, எண்ணைத் தமிழில் சத்தமாகச் சொல்வான். “நாப்பத்தஞ்சு! நாப்பத்தஞ்சு! நாப்பத்திரெண்டு! நாப்பத்தஞ்சு!” நான் நோட்டில் எழுதுவேன். ஒரு தடவை ஒரு டயர் மட்டும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. பார்த்தால் ஒரு சின்ன ஆணி குத்தியிருந்தது. ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால். பஞ்சர் ஒட்டிய பிறகுதான் நாற்காலிகளை ஏற்றினோம்.

உங்கள் வீட்டிலும் வண்டி இருக்கும். பெரிய டயரோ, சின்ன டயரோ, கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். டயரின் அளவையும் படியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்: “இந்த நம்பர் எந்த டயருக்கு?”

சொல் அறிவோம்

அழுத்தம் – ஓர் இடத்தின் மேல் தள்ளும் விசையின் அளவு
பக்கச்சுவர் – ரிம்முக்கும் தரைக்கும் இடையில் தெரியும் டயரின் பக்கப்பகுதி
சுமை, பாரம் – தூக்கிச் செல்லும் எடை
அட்டவணை – தகவல்களை வரிசையாகக் கட்டம் போட்டுத் தரும் பட்டியல்
அழுத்தமானி – அழுத்தத்தை அளக்கும் கருவி
காப்புரிமை – ஒரு புதிய கண்டுபிடிப்பின் மேல் அதைச் செய்தவருக்கு இருக்கும் உரிமை
பொலபொலப்பு – ஒட்டாமல் உதிரும் தன்மை

சொல் விளையாட்டு

‘காற்று அடிக்கிறது’ என்றால் வெளியே காற்று வீசுகிறது என்று பொருள். ‘காற்று அடிக்கிறேன்’ என்றால் நான் டயருக்குள் காற்றை ஏற்றுகிறேன் என்று பொருள். ஒரே வினைச்சொல், இரண்டு பொருள். ‘மணி அடிக்கிறது’, ‘வெயில் அடிக்கிறது’ என்றும் சொல்கிறோம். இதுபோல ‘அடி’ என்ற சொல் வரும் இன்னும் மூன்று தொடர்களை வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. மழை நாளில் பிக்அப்பின் பின்பக்கம் ஏன் வழுக்கியது? இரண்டு காரணங்களை எழுதுங்கள்.
2. கதவில் இருக்கும் 35 எந்தக் கேள்விக்குப் பதில்? டயரில் இருக்கும் 65 எந்தக் கேள்விக்குப் பதில்?
3. சாக்பீஸ் 40 என்று காட்டியும் ஏன் 45 வைத்தார்கள்?
4. “அம்மா, பேப்பர் கிளிப்!” என்று மகன் ஏன் சொன்னான்?

ஆ. கணக்கு போடுங்கள்.
1. ஒரு டயரின் மேல் 1200 பவுண்ட் எடை. அழுத்தம் 40 பி.எஸ்.ஐ. தரையைத் தொடும் இடம் எத்தனை சதுர அங்குலம்?
2. 70 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தபோது டயரில் 45 பி.எஸ்.ஐ. இருந்தது. மறுநாள் காலை 40 டிகிரி. இப்போது ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்?

இ. பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.
எடுத்துக்காட்டு: காத்து எறங்கிடுச்சு – காற்று இறங்கிவிட்டது
1. வண்டி வழுக்கிடுச்சு.
2. அன்னிக்கு 40 பத்தாது.
3. நாமதான கண்ணால பாத்தோம்?
4. நாப்பத்திரெண்டு

ஈ. செய்து பாருங்கள்.
உங்கள் சைக்கிள் டயரின் பக்கத்தில் என்ன எண் எழுதியிருக்கிறது? வீட்டுப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து காற்றை அளந்து பாருங்கள். பிறகு சாக்பீஸ் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு எங்கே அழிந்தது? அடுத்த வாரம் வகுப்பில் தமிழில் சொல்லுங்கள்.